ஊர் ஊராகப் போன 1,248 சிசி

டீசல் டிசையரில் கால்டாக்ஸி ஏறாத ஆள் தமிழ்நாட்டில் அதிகம் இருக்க முடியாது. வண்டியின் முகப்பில் இருந்தது சுஸுகியின் முத்திரை. பானட்டுக்கு அடியில் இருந்ததோ இத்தாலியின் ஃபியட் நிறுவனம் உருவாக்கிய எஞ்சின். நான்கு சிலிண்டர், 1,248 சிசி. அதே எஞ்சின் டாடா இண்டிகா விஸ்டாவில் 'குவாட்ராஜெட்' ஆனது, செவ்ரோலெட் செயிலில் 'ஸ்மார்டெக்' ஆனது, மாருதியில் 'டிடிஐஎஸ்' ஆனது. சொந்த வீடான ஃபியட்டில் அதன் பெயர் 'மல்டிஜெட்'. மோட்டார் பத்திரிகைக்காரர்கள் இதற்கு இந்தியாவின் தேசிய எஞ்சின் என்று பட்டமே கட்டிவிட்டார்கள்.

இந்த ஓர் எஞ்சினுக்காக மாருதியின் தாய் நிறுவனமான ஜப்பானின் சுஸுகி, அரியானாவின் மானேசரில் தனி ஆலை கட்டியது. 2006 நவம்பரில் உற்பத்தி தொடங்கியது. 2020 ஏப்ரல் பிறப்பதற்குள் மாருதி டீசலையே கைவிட்டது. கணக்குப் பார்த்தால் 14 ஆண்டுகூட இல்லை. ஆனால் அந்த எஞ்சின் மானேசருக்கு வந்து சேர்ந்த பாதை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீளமானது. அதில் மலாய் நாட்டுத் தீக்குழலும் வருகிறது, பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலும் வருகிறது, சிவகங்கைக்காரர் ஒருவர் வாசித்த பட்ஜெட்டும் வருகிறது.

தீக்குழலிலிருந்து தொடங்குவோம். தென்கிழக்கு ஆசிய மக்கள் தீப்பெட்டி வருவதற்கு முன்பே கையடக்கமான ஒரு கருவியால் நெருப்பு உண்டாக்கினார்கள். ஒரு முனை அடைத்த குழாய், அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் கொஞ்சம் பஞ்சு. தண்டை ஓங்கி அறைந்தால் உள்ளே அகப்பட்ட காற்று நெருங்கிச் சூடேறி, பஞ்சு கனன்றுவிடும். குளிர்பதன இயந்திரங்களின் முன்னோடியான கார்ல் ஃபான் லிண்டே, மியூனிக்கில் நடத்திய ஒரு சொற்பொழிவில் இந்தத் தீக்குழலை இயக்கிக் காட்டினார் என்றும், எதிரே உட்கார்ந்திருந்த மாணவர் ருடால்ஃப் டீசலின் மனதில் அது ஒட்டிக்கொண்டது என்றும் ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு மெய்யோ, டீசல் எஞ்சினின் தத்துவம் மட்டும் சந்தேகமில்லாமல் அதேதான். ஸ்பார்க் பிளக் வேண்டாம். காற்றை வெகுவாக அழுத்து, அது கொதிக்கும், எரிபொருளைத் தெளி, தானே பற்றிக்கொள்ளும்.

1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த டீசல், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர ஆலையில் ஆண்டுக்கணக்கில் போராடினார். 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து சோதித்தபோது, எரிபொருளின் ஆற்றலில் 26.2 சதவீதத்தை எஞ்சின் வேலையாக மாற்றியது. அன்றைய நல்ல நீராவி எஞ்சின்கள் இதில் பாதியைக்கூட எட்டவில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. எல்லாம் சரி, அளவுதான் இடித்தது. ஆக்ஸ்பர்க் எஞ்சின் ஆள் உயரத்தைத் தாண்டி நின்றது, கொடுத்தது சுமார் 20 குதிரைத்திறன். எண்ணெயைச் சிலிண்டருக்குள் தெளிக்கத் தனியாக ஓர் அமுக்கக் காற்று இயந்திரம் வேறு கூடவே ஓட வேண்டும். கப்பலுக்கும் மின்நிலையத்துக்கும் அது பொருந்தும். காரில் எப்படி ஏற்றுவது? அந்தக் கேள்விக்கு விடை காணும் முன்பே, 1913 செப்டம்பரில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போன டீசல் நடுவழியில் காணாமல் போனார். சில நாள் கழித்து உடல் கடலில் கிடைத்தது.

எஞ்சினைச் சுருக்கும் வேலையை வேறு கைகள் எடுத்துக்கொண்டன. பெய்ரூட்டில் பிறந்த ஜெர்மானியர் ப்ராஸ்பர் லோராஞ்ச், பென்ஸ் நிறுவனத்தில் இருந்தபோது 1909இல், பிரதான சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறு முன்னறை வைத்து அங்கே எரிப்பைத் தொடங்கும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். காற்று இயந்திரத்துக்கு விடை கொடுக்கும் முதல் படி அது. 1927இல் ராபர்ட் பாஷ் நிறுவனம் எண்ணெயைத் துல்லியமாக அளந்து செலுத்தும் பம்பை வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் பிறகு டீசல் எஞ்சின் செய்ய மேதையாக இருக்க வேண்டியதில்லை. நல்ல வார்ப்பாலை இருந்தால் போதும், பம்பைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். 1936இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் 260 டி வந்தது. 2.5 லிட்டர், 45 குதிரைத்திறன். அதை விரும்பி வாங்கியவர்கள் டாக்ஸிக்காரர்கள். டீசல் கார் பிறந்த அன்றே அதன் வாடிக்கையாளர் யார் என்பது தெரிந்துவிட்டது: நாளெல்லாம் ஓட்டுபவர், ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்குப் பார்ப்பவர்.

இங்கிலாந்தில் இதே வேலை வயலிலும் லாரியிலும் நடந்தது. டர்ஸ்லி என்ற ஊரின் லிஸ்டர் நிறுவனம் 1930 வாக்கில் கொண்டுவந்த, மெதுவாகச் சுற்றும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் உலகத்துக் கிணற்றடிகளுக்கெல்லாம் போயிற்று. குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அதை நட்டு போல்ட் மாறாமல் நகலெடுத்தன. இங்கிலாந்தில் மூல எஞ்சினின் உற்பத்தி நின்ற பிறகும் ராஜ்கோட் நகல்கள் ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. இன்னொரு பக்கம், பீட்டர்பரோவில் ஃபிராங்க் பெர்கின்ஸ் 1932இல் தொடங்கிய கம்பெனி, பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் அப்படியே உட்காரக்கூடிய வேகமான டீசல் எஞ்சின்களைச் செய்தது. 1950களில் சென்னை சிம்சன் நிறுவனம் அந்தப் பெர்கின்ஸ் எஞ்சின்களை இங்கே தயாரிக்க ஆரம்பித்தது. மவுண்ட் ரோட்டுக்காரர்களுக்கு சிம்சன் என்றால் பஸ் நிறுத்தம். லாரிக்காரர்களுக்கோ அது எஞ்சினின் பெயர்.

காருக்குள் சிறிய டீசல் நிலையாகக் குடியேற 1973இன் எண்ணெய் நெருக்கடி தேவைப்பட்டது. 1976இல் ஃபோக்ஸ்வேகன், கோல்ஃப் காரில் 1.5 லிட்டர், 50 குதிரைத்திறன் டீசலைப் பொருத்தியது. பெட்ரோல் எஞ்சினின் உடலையே எடுத்துச் சீரமைத்துச் செய்த சிக்கன வேலை அது. பிரான்ஸ் டீசலுக்குக் குறைந்த வரி போட்டது, பிரெஞ்சுக்காரர்கள் டீசல் காருக்கு மாறினார்கள். இத்தாலி டீசல் கார்களுக்கு ஆண்டுதோறும் கூடுதல் வரி போட்டது, அங்கே நிறைய ஓட்டுபவர்கள் மட்டும் வாங்கினார்கள். இந்தியாவில் 1980 வாக்கில் அம்பாசடர் டீசல் வந்தது. பிரிட்டிஷ் பிஎம்சி வடிவமைப்பு, 1,489 சிசி, வெறும் 37 குதிரைத்திறன். மேட்டில் ஏறும்போது பின்னால் வருபவர்களின் பொறுமைதான் சோதனைக்குள்ளாகும். ஆனாலும் விற்றது, ஏனென்றால் டீசல் மலிவு.

இந்தத் தலைமுறை டீசல்களின் குறை சத்தமும் புகையும். அதைத் தீர்த்த யோசனைக்கும் ஒரு பழைய வேர் உண்டு. முதல் உலகப்போர்க் காலத்திலேயே விக்கர்ஸ் நிறுவனம் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளின் எஞ்சின்களில், எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் அழுத்தத்தோடு எண்ணெயைத் தேக்கி வைத்து, வேண்டும்போது திறந்துவிடும் முறையைப் பயன்படுத்தியது. ஆனால் வால்வுகளை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தோடு திறந்து மூட மின்னணுக் கருவி வேண்டும். அது வருவதற்கு எழுபது எண்பது ஆண்டு ஆயிற்று. 1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் 'காமன் ரெயில்' என்ற பெயரில் இதை ஹினோ லாரிக்குக் கொண்டுவந்தது. கார்களுக்கு இதை உருவாக்கியவர்கள் ஃபியட்டின் ஆராய்ச்சி மையத்துக்காரர்களும் மேக்னெட்டி மரெல்லி நிறுவனத்தாரும். வேலை முக்கால்வாசி முடிந்த நிலையில் ஃபியட்டின் கையில் பணமில்லை. 1994இல் உரிமையை ஜெர்மனியின் பாஷுக்கு விற்றுவிட்டது. பாஷ் அதை முடித்து, தயாரித்து, உலகத்துக்கெல்லாம் விற்றது. 1997இல் முதல் காமன் ரெயில் கார் என்ற பெருமை மட்டும் ஃபியட் குடும்பத்தின் ஆல்ஃபா ரோமியோ 156க்குக் கிடைத்தது. சில மாதங்களிலேயே மெர்சிடிஸும் களத்தில் இறங்கியது. கண்டுபிடித்தவர் ஒருவர், காசு பார்த்தவர் இன்னொருவர் என்ற இந்தப் பழக்கம் ஃபியட்டை விடவே இல்லை.

அடுத்த ஆண்டு, 1998இல், இந்தியாவில் இரண்டு டீசல் கார்கள் வந்தன. மாருதி, ஜென் காரில் பெஷோவின் 1.5 லிட்டர் எஞ்சினை வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தியது. சிறிய காரில் வெளிநாட்டு எஞ்சின், விலை எகிறியது. டாடாவோ, இண்டிகா காருக்கு 1.4 லிட்டர் டீசலைத் தானே செய்து மலிவாக விற்றது. கடகடவென்று அதிர்ந்தாலும் கால்டாக்ஸிக்காரர்கள் அதை விடவில்லை. மாருதிக்குக் கிடைத்த பாடம் தெளிவாக இருந்தது: எஞ்சினை இங்கேயே செய்யாமல் சிறிய டீசல் கார் விற்க முடியாது. ஆனால் சுஸுகியிடம் சொந்தமாக ஒரு கார் டீசல் எஞ்சின் இல்லை.

இந்த இடத்தில்தான் டெட்ராய்ட் குறுக்கே வருகிறது. 2000இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபியட்டின் கார் பிரிவில் 20 சதவீதப் பங்கு வாங்கியது. இரண்டும் சேர்ந்து எஞ்சின்களைத் தயாரிக்க ஒரு கூட்டு நிறுவனம் வைத்தன. அந்தக் கூட்டில் 2003இல் பிறந்தது நம் 1.3 மல்டிஜெட். பிறந்த இடம் போலந்தின் பியெல்ஸ்கோ-பியாவா. கம்யூனிச ஆட்சியில் ஃபியட் 126 என்ற குட்டிக் காரை லட்சக்கணக்கில் செய்த ஊர் அது. எஞ்சின் நீளம் அரை மீட்டருக்கும் குறைவு. அதன் சூட்சுமம் பெயரிலேயே இருந்தது. ஒரு சுற்றுக்கான எண்ணெயை மொத்தமாகக் கொட்டாமல், குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோலச் சின்னச் சின்னக் கவளமாக, ஐந்து தவணை வரை கொடுக்க முடியும். எரிப்பு படிப்படியாக நடப்பதால் டீசலின் இடிச்சத்தம் தணிந்தது, புகையும் குறைந்தது. 2005இல், 1 முதல் 1.4 லிட்டர் பிரிவில் ஆண்டின் சிறந்த சர்வதேச எஞ்சின் விருது இதற்குக் கிடைத்தது.

அதே 2005இல் ஃபியட்டும் ஜிஎம்மும் பிரிந்தன. ஃபியட் கார் பிரிவு முழுவதையும் வாங்கியே தீர வேண்டும் என்ற ஒப்பந்த நிபந்தனையிலிருந்து தப்பிக்க, ஜிஎம் 155 கோடி யூரோ கொடுத்துக் கைகழுவியது. ஆனால் எஞ்சின் இருவருக்கும் பொதுச்சொத்தாகத் தங்கிவிட்டது. ஜிஎம்மின் ஓப்பல் கோர்சாவும் ஃபியட் புன்டோவும் எதிரெதிர் ஷோரூம்களில் ஒரே இதயத்தோடு நின்றன. பிறகு ஃபோர்டின் கா, பெஷோவின் பிப்பர் எனப் பலரும் அதை வாங்கிக்கொண்டார்கள். சுஸுகியில் அப்போது ஜிஎம் பெரிய பங்குதாரர். ஃபியட்டோடும் சுஸுகி சேர்ந்து ஹங்கேரியில் ஒரு காரைச் செய்துகொண்டிருந்தது. இரண்டு வீட்டிலும் உறவு இருந்ததால் உரிமம் வாங்குவது சிரமமாக இல்லை.

சுஸுகி 70, மாருதி 30 என்ற பங்கில் சுஸுகி பவர்டிரெயின் இந்தியா உருவாகி, மானேசரில் ஆலை எழுந்தது. அது எழும்பிக்கொண்டிருந்தபோது, 2006 பிப்ரவரி 28 அன்று நிதியமைச்சர் ப.சிதம்பரம் பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் என்ன? நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். ஃபியட்டின் ஊரான டுரினில் இந்தியாவை நினைக்காமலே வரைந்த 1,248 சிசி இந்தக் கட்டத்துக்குள் சொகுசாக உட்கார்ந்தது. மாருதியின் சொந்த 1.3 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட்தான் வெளியே நின்றது. 2007 ஜனவரியில் டீசல் ஸ்விஃப்ட் சந்தைக்கு வந்ததும், முன்பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வழக்கமானது.

பிறகு எல்லோருக்கும் இந்த ஆசை பிடித்துக்கொண்டது. டாடாவும் ஃபியட்டும் புனே அருகே ரஞ்சன்காவ் ஆலையில் கூட்டுச் சேர்ந்து இதே எஞ்சினைச் செய்தன. 2011இல் ஜிஎம், செவ்ரோலெட் பீட் காருக்காக எஞ்சினில் ஒரு சிலிண்டரைக் கழித்துவிட்டது. 1,248இல் நாலில் ஒரு பங்கு போனால் 936. அதுதான் பீட் டீசலின் சிசி. சென்னைப் பக்கம் கதை வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு 2010இல் திறந்த எஞ்சின் ஆலையில் ஃபிகோவுக்கான 1.4 லிட்டர் டீசல் தயாரானது. அது ஃபோர்டும் பெஷோவும் சேர்ந்து வடிவமைத்தது. அந்த ஆலையின் சாமர்த்தியம் வேறொன்றில் இருந்தது: பெட்ரோல் எஞ்சினையும் டீசல் எஞ்சினையும் ஒரே வரிசையில் மாற்றி மாற்றிச் செய்யலாம். அந்த ஏற்பாட்டின் அருமை ஐந்தாறு ஆண்டில் எல்லோருக்கும் விளங்கியது.

2010 ஜூனில் மத்திய அரசு பெட்ரோல் விலையைச் சந்தைக்கு விட்டது, டீசலை விடவில்லை. 2012 மே மாதம் பெட்ரோல் ஒரே நாளில் சுமார் ஏழரை ரூபாய் ஏறியபோது, டெல்லியில் லிட்டர் 73 ரூபாயைத் தொட்டது. பக்கத்துக் குழாயில் டீசல் 41 ரூபாய். லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம் இருந்தால் யார்தான் பெட்ரோல் கார் வாங்குவார்கள்? பெட்ரோல் வண்டிகள் கிடங்கில் தூங்க, டீசல் வண்டிக்கு வரிசை நீண்டது. எஞ்சின் பற்றாக்குறை கடுமையானது. 2011 அக்டோபரில் மானேசர் எஞ்சின் ஆலைத் தொழிலாளர்கள் பக்கத்துக் கார் ஆலைத் தோழர்களுக்கு ஆதரவாக வேலைநிறுத்தம் செய்தபோது, மாருதியின் குர்கான் ஆலையின் டீசல் கார்களும் எஞ்சினுக்காகக் காத்துக் கிடந்தன.

2012 ஜனவரியில் மாருதி இரண்டு முடிவுகளை அறிவித்தது. ஒன்று, ஃபியட்டின் ரஞ்சன்காவ் ஆலையிலிருந்து ஆண்டுக்கு 1 லட்சம் எஞ்சின் வாங்குவது. உரிமம் கொடுத்தவரிடமே, உரிமம் வாங்கியவர் சரக்குக்கு வந்து நின்றார். இரண்டு, குர்கானில் 1,700 கோடி ரூபாய் முதலீட்டில் புதிய டீசல் எஞ்சின் ஆலை. அந்த ஆண்டில் பார்த்தால் இதைவிடப் பத்திரமான முதலீடு இருந்திருக்காது. ஒரே ஒரு சங்கடம். ஆலை கட்ட ஆண்டுகள் வேண்டும், அதன் பணத்தை மீட்க இன்னும் பல ஆண்டுகள் வேண்டும். அந்தக் கணக்கு நின்ற 32 ரூபாய் இடைவெளியோ, நிறுவனத்தின் கையில் இல்லை. டெல்லியில் ஓர் அமைச்சரவைக் கூட்டத்தின் கையில் இருந்தது.

2013 ஜனவரியில் அந்தக் கை அசைந்தது. டீசல் விலையை மாதத்துக்கு 50 பைசா அளவில் உயர்த்தலாம் என்று எண்ணெய் நிறுவனங்களுக்கு அனுமதி வந்தது. அவ்வளவு சிறிய தொகையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலை முழுதாகச் சந்தைக்கு விடப்பட்டபோது இடைவெளி வெகுவாகச் சுருங்கியிருந்தது. அடுத்த ஆண்டு அடி மேல் அடி. ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் 10 ஆண்டு பழைய டீசல் வண்டிகளுக்குத் தடை சொன்னது. செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் புகைச் சோதனையில் மென்பொருள் வைத்து ஏமாற்றியது அமெரிக்காவில் அம்பலமானது.

அந்த இரண்டுக்கும் நடுவில், 2015 ஜூனில், சுஸுகி வாழ்நாள் ஆசையை நிறைவேற்றிக்கொண்டது. 900 கோடி ரூபாய் செலவில் முதல்முறையாகச் சொந்தக் கார் டீசல் எஞ்சின்: இரண்டே சிலிண்டர், 793 சிசி. செலிரியோவில் லிட்டருக்கு 27.62 கிலோமீட்டர் என்று சான்று வாங்கியது. மைலேஜை எல்லோரும் மெச்சினார்கள், அதிர்வைப் பற்றி முணுமுணுத்தார்கள், வாங்க ஆள் வரவில்லை. இரண்டு ஆண்டுக்குள் அது காரிலிருந்து இறங்கி, சூப்பர் கேரி என்ற குட்டிச் சரக்கு வண்டியில் ஏறிக்கொண்டது. பத்து ஆண்டு முன்பு வந்திருந்தால் அதன் தலையெழுத்து வேறாக இருந்திருக்கும்.

கடைசிக் கட்டளை 2016 ஜனவரியில் வந்தது. வாகனப் புகை விதியில் பாரத் நிலை 5ஐத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் நேராக நிலை 6. டீசலுக்கு இது கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டியும் நைட்ரஜன் ஆக்சைடைச் சுத்திகரிக்கும் அமைப்பும் என்று அர்த்தம். பெரிய காரின் விலையில் அந்தச் செலவு கரைந்துவிடும், ஸ்விஃப்ட்டின் விலையில் கரையாது. பெட்ரோல் காரைவிட அதிகமாகக் கொடுக்கும் பணத்தை மைலேஜில் மீட்க இன்னும் எத்தனை ஆண்டு ஓட்ட வேண்டும் என்று குடும்பஸ்தர்கள் கணக்குப் போட்டார்கள். 2019 ஏப்ரலில் மாருதி தன் முடிவைச் சொன்னது: அடுத்த ஏப்ரல் முதல் டீசல் கார் இல்லை. மல்டிஜெட்டுக்குப் பதிலாகச் சுஸுகி சொந்தமாக வடிவமைத்த 1.5 லிட்டர் டீசல் சியாஸ் காரில் வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2020 ஜூனில், ஊரடங்குக்கு நடுவே, டெல்லியில் டீசல் விலை முதல்முறையாகப் பெட்ரோலைத் தாண்டியது.

போலந்திலும் கதை முடிந்தது. ஃபியட்டை உள்ளடக்கிய ஸ்டெல்லான்டிஸ் நிறுவனம் பியெல்ஸ்கோ-பியாவா எஞ்சின் ஆலையை மூடப்போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையின் உற்பத்தி அதற்கு முன்பே, 2022இல் நின்றுவிட்டது.

சுஸுகி அடுத்து எங்கே பணம் போட்டது என்று பார்த்தால் ஒரு பழைய பெயர் எதிர்ப்படுகிறது. குஜராத்தின் ஹன்சல்பூரில் லித்தியம் பேட்டரி ஆலைக்காகச் சுஸுகியோடும் டோஷிபாவோடும் கூட்டுச் சேர்ந்திருப்பது டென்சோ, உலகின் முதல் காமன் ரெயில் லாரிக்குப் பொறுப்பான அதே டென்சோ. டீசலுக்கு மறுவாழ்வு கொடுத்தவர்கள் பேட்டரிக்கு வந்துவிட்டார்கள். தொழில்நுட்பம் மாறியிருக்கிறது, சூதாட்டத்தின் விதி மாறவில்லை. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான் என்ற நம்பிக்கையும் இன்றைய பேட்டரி ஆலைகளின் அஸ்திவாரத்தில் கலந்திருக்கிறது. ஓர் ஆலையில் எத்தனை ஆயிரம் கோடி முதலீடு என்ற செய்தியைப் படிக்கும்போது, அதோடு எந்த வரி, எந்த மானியம், இன்னும் எத்தனை நாள் என்று சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது. மானேசரில் அந்தக் கேள்விக்குப் பதில் மாதம் 50 பைசாவாக வந்தது.